இரண்டாவது இலை

சித்தப்பா,

விரதச் சமையலுக்குப் பொரித்த காத்தோட்டிக்காயின் கைப்பு மணம் இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை. இன்று ஆடி அமாவாசை. போன மாரியில் நீங்கள் கண்மூடிய பிறகு வந்த முதல் ஆடி விரதம்.

தகப்பன் உயிரோடிருக்கும் பிள்ளை இந்த விரதத்தைப் பிடிப்பதில்லை. நான் பிடித்தேன். நான் கைக்குழந்தையாக இருக்கையில் இறந்துபோன அப்பாவுக்காக, ஒவ்வொரு ஆடியிலும், உங்கள் கண்முன்னே. நான் நடை பழகும் வயதில் அம்மாவைக் கட்டி, எனக்குச் சித்தப்பாவாகி வளர்த்தவர் நீங்கள். காத்தோட்டி முள்ளுக்கொடியில் காய் பறிக்க, வயல் வட்டைக் கரைப் பற்றைக்குள் கை கீறக் கீறப் போனவரும் நீங்கள்தான். எனக்குத் தகப்பன் இல்லை என்று சொல்லும் விரதத்துக்கு நீங்களே காய் கொண்டுவந்தீர்கள். இது எனக்கு உறைத்ததே இந்த ஆண்டுதான்.

வீட்டில் முதல் ஆளாகப் பல்கலைக்கழகம் போய் உயிரியல் படித்த நாட்கள். வெளியில் வாய் திறக்காத நான், விடுமுறையில் உங்களிடம் மட்டும் நிறையப் பேசுவேன். பிள்ளைப்பாசம் பரிணாமத்தில் வந்தது, தன் இரத்தம் தழைக்கத்தான் உயிர்கள் குஞ்சுகளைக் காக்கின்றன என்றேன்.

“அது கடவுள் வெச்சது புள்ள,” என்றீர்கள். “இல்லாட்டி, உன்ட ரத்தமில்லாத எனக்கு, உன்னை வளக்க என்ன விசரா புடிச்சிருக்கு?”

“நீங்க விதிவிலக்கு, சித்தப்பா.”

“அப்பிடியெண்டா?”

“கணக்கில சேராத ஆள்.”

சிரித்தீர்கள். “அப்ப கணக்கில சேராத ஆளுக்கு ஒரு பிளேன்டி ஊத்து.”

ஊற்றித் தந்தேன். நீங்கள் குடிக்காமலே வயலுக்குப் போனதை, ஆறிய தேநீர்க் கோப்பையை எடுக்கும்போதுதான் கண்டேன்.

படித்தது பிழையென்று இன்றும் சொல்லமாட்டேன். கடவுள்தான் என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஆனால் எனக்கு விடை தெரியாத இடத்தில், உங்களைக் கணக்குக்கு வெளியே நிறுத்தியிருக்க வேண்டாம்.

மதியம் படையலுக்கு, “ரெண்டு இலை போடவா?” என்று அம்மா கேட்டார். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஓம் என்றேன். உங்களுக்கான இரண்டாவது இலைக்கு முன் நின்று, அப்பா என்று கூப்பிட வாயெடுத்தேன். சித்தப்பா என்றுதான் வந்தது.

“அப்பிடியே கூப்பிடு,” என்றார் அம்மா. “அந்தச் சொல்லுக்குத்தானே அந்த மனுசன் ஓடி வரும்.”

உண்மைதான். எதற்குக் கூப்பிட்டாலும் வந்தீர்கள். ஆனால் உங்களை எதிரில் வைத்துக்கொண்டே, அப்பா இல்லாத பிள்ளையாக நான் பசியிருந்த அத்தனை அமாவாசைகளையும் யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன்?