நான்கு படமும் ஒரே பாத்திதான்

ஆம்பூர்
பிப்ரவரி 17, திங்கட்கிழமை

அன்பு மகள் தேவகிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்பளவில் சுகமாகத்தான் இருக்கிறோம், நீயும் அந்தப் போர்ச்சுகல் குளிரில் சளி காய்ச்சல் எதுவும் அண்டாமல் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். நேற்றுத்தான் அரைமணி நேரம் ஃபோனில் பேசினோம், அதற்குள் அம்மாவுக்குக் கடிதம் எழுத என்ன வந்தது என்று நினைப்பாய். ஃபோன் எப்போதும் ஸ்பீக்கரில் இருக்கிறது, பக்கத்தில் உன் அப்பா இருக்கிறார், நான் வாயைத் திறந்தால் உடனே என் கையைத் தொட்டு வேண்டாம் என்று ஜாடை காட்டுகிறார், நான் மென்று முழுங்கிவிட்டுச் சாப்பிட்டாயா தூங்கினாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். மூன்று வாரமாக இதே பேஜார். அதனால் எழுதி வைத்துவிடுகிறேன். ஷஹீன் பானுவின் மகள் ஜோயா சாயங்காலம் வருவாள், அவளிடம் கொடுத்து இதைப் படமெடுத்து உனக்கு அனுப்பச் சொல்வேன், தாள் பின்னால் தபாலில் வரும். இந்த மாதக் கடைசியில் ஷூ கம்பெனி வேலையை விடுவதாக எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்று நேற்றுச் சொன்னாயே, அதற்கு முன்னால் இதை நீ படித்தாக வேண்டும்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் அப்பா போன வாரம் அனுப்பிய நான்கு படமும் ஒரே பாத்திதான். கிழக்கே நின்று ஒன்று, மேற்கே நின்று ஒன்று, குத்தவைத்து ஒன்று, கிணற்று மேட்டில் ஏறி நின்று ஒன்று. நீ அதைப் பார்த்து நாலு பாத்தியும் நல்லா வந்திருக்கு அப்பா, இனிமேல் எனக்குப் பயமில்லை என்று சொன்னாய், அவரும் ஆமாம் கண்ணு என்றார். மற்ற மூன்று பாத்தியிலும் விற்கிற மாதிரி ஒரு பூ இல்லை. அத்தனையின் தலையையும் அவரே கத்தரித்துப் போட்டுவிட்டார். நீ உடனே அவர்மேல் கோபப்படாதே, எனக்கு வந்த கோபமே இந்த வீட்டுக்குப் போதும். முதலிலிருந்து சொல்கிறேன், உன் தப்பும் இதில் இருக்கிறது, அதையும் சொல்லத்தான் போகிறேன்.

நீ விதை அனுப்பினாய். லீவு நாளில் நீ உதவிக்குப் போகும் பூத்தோட்டத்தில் இந்தச் செடி வளர்கிறது, கிளாரி என்று பேர், கொத்தாக வெட்டித் தண்ணீரில் வைத்தால் பத்து நாள் வாடாது, நம் ஊர்க் குளிர் மாதத்துக்கு வரும், கல்யாண டெக்கரேஷன்காரர்கள் தேடி வாங்குவார்கள், இந்த ஒரு பருவம் நல்லபடியாக வந்துவிட்டால் வேலையை விட்டுவிட்டு வந்து நிலத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னாய். அந்தக் கடைசி வார்த்தை உன் அப்பாவை என்ன செய்தது என்று உனக்குத் தெரியாது. இருபத்தெட்டு வருஷம் கட்டிங் செக்‌ஷனில் தோல் வெட்டின மனுஷன், மண்வெட்டி பிடித்தால் கையில் கொப்புளம், அவர் நீ அனுப்பிய குறிப்பை எல்லாம் பிரிண்ட் எடுத்துக் காலண்டர் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொண்டார். உரம் ஜாஸ்தி போடக்கூடாது, தண்ணீர் கம்மியாக விட வேண்டும், விதைமேல் மண் லேசாகத் தூவ வேண்டும். நான் ஆறு வருஷமாக வளர்த்துவந்த கனகாம்பரத்தை எடுத்துவிட்டுத்தான் அந்த இடத்தில் பாத்தி கட்டினார். பூத்துக்கொண்டிருந்த செடி, தேவகி. கொஞ்சம் ஓரமாகவாவது விட்டு வையுங்கள் என்றேன், காதில் விழவில்லை.

ஐப்பசியில் போட்ட முதல் விதை முளைத்து ஒரு விரல் உயரம் வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது, மூன்று நாள் விடாமல் பெய்து அத்தனையும் பாலாற்றுப் பக்கம் போய்விட்டது. மிச்சம் வைத்திருந்த விதையை மழை விட்ட பிறகு வீட்டுக்குள் தட்டில் போட்டு, காலையில் வெயிலுக்கு வெளியே வைப்பதும் தூறல் விழுந்தால் உள்ளே எடுப்பதுமாக ஒரு குழந்தையை வளர்ப்பதுபோல் வளர்த்தோம். மார்கழியில் எடுத்து நட்டோம். ஊதாவுக்கு ஒரு பாத்தி, ரோஸுக்கு ஒன்று, வெள்ளைக்கு ஒன்று, தட்டின் மூலையில் பிந்தி முளைத்தது எல்லாம் கலந்து நான்காவது பாத்தி. பார்க்கத் துளசி மாதிரிதான் இருந்தது, இலையைத் தொட்டால் கையில் பிசுபிசு என்று ஒட்டிக்கொண்டு ஒரு மருந்து வாசனை. தை பிறந்தது, பொங்கல் போனது, பூ எங்கே பூ எங்கே என்று தினமும் குனிந்து பார்ப்போம். மொட்டு என்று கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்றும் இல்லை.

ஜனவரி இருபத்தைந்தாம் தேதி நான் வாலாஜாபேட்டையில் என் தம்பி பேத்திக்குக் காது குத்துகிறார்கள் என்று போயிருந்தேன். அன்றைக்குப் பார்த்து அந்த ஊதாப் பாத்தியில் நுனி இலையெல்லாம் நிறம் ஏற ஆரம்பித்திருக்கிறது. பூ இல்லை, இலை. பச்சையாக இருந்த இலையே நரம்போடு ஊதாவாகிவிட்டது. ரோஸ் பாத்தியில் இலை சிவக்கிறது. வெள்ளைப் பாத்தியில் நுனியெல்லாம் வெளுத்து நிற்கிறது. மேல் நிலத்துக் கோவிந்தசாமி அண்ணன் அந்த வழியாகப் போனவர் பார்த்துவிட்டு, "இன்னா ராமமூர்த்தி, சாயத் தண்ணி ஏறிட்ச்சா? உப்பும் ஏறிக்கீது பார், வெள்ளையா பூத்துக்கீது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் கெட்ட மனசோடு சொல்லவில்லை. தோல் பதனிடுகிற கம்பெனிக் கழிவு மண்ணில் இறங்குகிற இந்த ஊரில் இலை நிறம் மாறினால் யாரும் அதைத்தான் முதலில் நினைப்பார்கள். ஆற்றோரத்தில் இருந்த நம் பழைய நிலத்துக் கிணறு கெட்டது உனக்கு நினைவிருக்கும், நீ அப்போது ஏழாவது. நெல் நுனி கருகி, தென்னை குலை தள்ளாமல், அந்தத் தண்ணீரில் போட்ட பருப்பு எவ்வளவு நேரம் கொதித்தாலும் வேகாமல் கிடந்ததே. அதை விட்டுவிட்டுத்தான் இந்த இடத்துக்கு வந்தோம். இந்தக் கிணறும் போய்விட்டது என்று உன் அப்பா முடிவு கட்டிவிட்டார்.

எனக்கு ஒரு ஃபோன் செய்திருக்கலாம். உன்னைக் கூப்பிட்டு ஒரு படம் காட்டியிருந்தால் சிரித்துக்கொண்டே அதுதான் அப்பா பூ என்று சொல்லியிருப்பாய். செய்யவில்லை. கிணறு கெட்டது என்று தெரிந்தால் நீ வரமாட்டாய் என்ற ஒரே எண்ணம். நிறம் ஏறின நுனியை எடுத்துவிட்டால் செடி பிழைக்கும் என்று நினைத்து, தோல் வெட்டுகிற பெரிய கத்தரியை எடுத்துக்கொண்டு போய், காலையிலிருந்து மத்தியானம்வரை குனிந்த முதுகு நிமிராமல் மூன்று பாத்தியையும் வரிசையாக வெட்டியிருக்கிறார். நான்காவது பாத்தி பிந்தினதால் இன்னும் பச்சையாக இருந்தது, அதனால் பிழைத்தது. நான் பஸ் இறங்கி நேராக நிலத்துக்குப் போனேன். வரப்பு நீளத்துக்கு ஊதாவும் ரோஸும் வெள்ளையுமாக மூன்று குவியல், அதன் பக்கத்தில் அவர். முகம் செத்துப்போயிருந்தது. "தண்ணி போய்ட்ச்சு கமலம், அவகிட்ட சொல்லிடாத" என்றார். வெட்டினது தப்பு என்று அப்போது எனக்கும் தெரியாது, ஆனால் அந்தக் குவியலைப் பார்த்தால் நோய் பிடித்த இலை மாதிரி இல்லை, அவ்வளவு அழகாக இருந்தது. ஒரு கைப்பிடி எடுத்து வந்து சொம்பில் தண்ணீர் ஊற்றி வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து ஷஹீன் பானு வந்தாள். நானும் அவளும் ஸ்டிச்சிங்கில் பக்கத்துப் பக்கத்து மிஷினில் இருந்தவர்கள், எனக்கு என்ன கஷ்டம் என்றாலும் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். கூடவே ஜோயாவும் வந்தாள், அவள் இப்போது மேல்விஷாரத்தில் ஒரு காலேஜில் தாவரவியல் டீச்சர். சொம்பில் இருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நிறம் ஏறின இலைக்குக் கீழே தண்டை ஒட்டி அரிசி அளவு ஒன்றைக் காட்டினாள். "ஆன்ட்டி, நெஜப் பூ இதான், கண்ணுக்கே தெரியாது. மேல கலரா இருக்கறது பூவுக்குக் குடை மாதிரி வர்ற இலை. இந்தச் செடியில அதத்தான் பூன்னு விக்கறாங்க. யார் இத வெட்டிப் போட்டது?" என்று கேட்டாள். உன் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். கிணற்றுத் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய் அவள் காலேஜில் சோதித்துப் பார்த்தாள், கெடவில்லை, போன வருஷம் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது.

இப்போது உன் தப்புக்கு வருகிறேன். எத்தனை குறிப்பு எழுதினாய், எத்தனை வாய்ஸ் மெசேஜ் போட்டாய், இந்தச் செடியில் இலைதான் பூ என்று ஒரு வரி எழுதினாயா? விதை வந்ததோ நிறத்தின் பேர் மட்டும் எழுதின வெறும் பழுப்புக் கவர், ஒரு படம் இல்லை. உனக்குப் பார்த்துப் பழகிப்போய்விட்டது, எங்களுக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டாய். அங்கே போனபிறகு உனக்கு இது ஒரு பழக்கமாகிவிட்டது தேவகி, பாதியைச் சொல்லிவிட்டு மீதியை நாங்களே புரிந்துகொள்ள வேண்டும் என்று விட்டுவிடுகிறாய்.

நான்காவது பாத்தி போன வாரத்துக்கு முந்தின வாரம் நிறம் பிடித்தது. உன் அப்பா அந்த நான்கு படத்தையும் எடுத்து வைத்துக்கொண்ட பிறகு, நீ சொன்னபடி வெயில் ஏறுவதற்கு முன்னால் முழுப் பாத்தியையும் வெட்டி, பக்கெட்டில் தண்ணீரோடு பஸ்ஸில் வைத்து வேலூர் பூ மார்க்கெட்டுக்கு நான் எடுத்துப் போனேன், அவரை நம்பி அனுப்ப எனக்கு மனசில்லை. அங்கே போனால் ஒருத்தன், "இன்னாம்மா, கீரையா?" என்கிறான். இன்னொருத்தன் மோந்து பார்த்துவிட்டு, கட்டினால் நிற்காது, தலையில் வைத்தால் வாசனை இல்லை, சாமிக்கும் ஆகாது, எடுத்துக்கிட்டுப் போம்மா என்று விரட்டுகிறான். மல்லிப் பூக்காரிகள் நடுவில் அந்தப் பக்கெட்டை வைத்துக்கொண்டு நின்றேன், அழுகைதான் வந்தது. கடைசியில் கிறிஸ்டினா என்று ஒரு பெண், சர்ச்சுக்கும் கல்யாண மேடைக்கும் பூ அலங்காரம் செய்கிறவள், பார்த்தவுடன் நின்றுவிட்டாள். ஒரு கொத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள், பக்கெட்டோடு எடுத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை ஃபோன் செய்தாள். ஒன்பது நாள் ஆகியும் அப்படியே நிற்கிறதாம், அடுத்த வாரம் ஒரு கல்யாண மேடை முழுக்க இதுதான் வேண்டுமாம், மூன்று நிறத்திலும் அள்ளிக்கொண்டு வாங்கம்மா என்கிறாள். நான் எதை அள்ளுவது? நான்காவது பாத்தியை வெட்டியாகிவிட்டது, மற்ற மூன்று பாத்தியும் மொட்டையாக நிற்கிறது. வெட்டின இடத்துக்குக் கீழே பக்கத்துக்கு இரண்டாகக் கிளை விட்டிருக்கிறது, அதில் நிறமும் வருகிறது, ஆனால் ஒரு சாணுக்கு மேல் நீளம் இல்லை, வெயிலும் ஏற ஆரம்பித்துவிட்டது. மேடைக்கு நீளக் காம்பு வேண்டும் என்று சொல்லிவிட்டாள். இந்த வருஷத்துக்கு அவ்வளவுதான்.

அதனால் நான் சொல்வதை நிதானமாகக் கேள். அந்த நான்கு படத்தை நம்பி வேலையை விடாதே. அதே மாதிரி மூன்று பாத்தி போய்விட்டது என்பதற்காக வராமல் இருந்தும் விடாதே. எனக்கு உங்கள் இரண்டு பேர்மேலும் எரிச்சல் வருவது இதனால்தான். ஊருக்கு வர ஆசையாக இருக்கிறது என்று நீ வாய் திறந்து சொல்ல மாட்டாய், பூ நன்றாக வந்தால் வருகிறேன் என்பாய். மகள் இல்லாமல் இந்த வீட்டில் இருக்க முடியவில்லை என்று அவர் சொல்ல மாட்டார், செடி நல்லா இருக்குது கண்ணு என்பார். நடுவில் அந்தச் செடி என்ன பாவம் செய்தது? உனக்கு அங்கே பிடிக்கவில்லை என்றால், தனியாக இருக்கிறது என்றால், அதை எனக்கு நேராகச் சொல். வருகிறேன் என்றால் வா, பிழைப்புக்கு என்ன வழி என்று மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து யோசிக்கலாம். இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறேன் என்றால் இரு, அதையும் தாங்கிக்கொள்வோம். ஆனால் எது சொன்னாலும் பூவைக் காரணம் காட்டாதே.

நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உன் அப்பா நிலத்திலிருந்து வந்துவிட்டார். மறைக்கவில்லை, அவளுக்கு எல்லாவற்றையும் எழுதுகிறேன் என்று சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. கை கால் கழுவிவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். அப்புறம், "எல்லாத்தையும் எழுது. வர வேணாம்னு மட்டும் எழுதிடாத" என்றார். நான் அப்படி எங்கேயும் எழுதவில்லை என்று அவருக்குப் படித்துக் காட்டிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். ரத்தம் கம்மி என்று டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது முதலில் அவரிடம் பேசு, திட்டாமல் பேசு. நம் குலசாமி உனக்கு நல்ல புத்தியும் தைரியமும் குறையில்லாமல் கொடுக்க வேண்டும், நீ எடுக்கிற முடிவு எதுவானாலும் அது உன் மனசுக்கு நிம்மதியாக அமைய வேண்டும்.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்
அம்மா
ரா. கமலம்