ஆமைப் படத்தைக் கேட்டு வந்தவர்கள்

மேலகரம்,
மார்கழி, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள செல்விக்கு,

அம்மாவும் நானும் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்பதுதான் தெரியவில்லை. வியாழன் முதல் உன் போன் அணைந்தே கிடக்கிறது. மிரட்டல் அழைப்புகள் தாங்காமல் நீயே அணைத்து வைத்திருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். வேறு விதமாக நினைக்க மனம் துணியவில்லை. கடையநல்லூருக்கு மீன் ஏற்றி வரும் ஹம்தான் நாளைக் காலையில் நீ இருக்கும் புன்னைக்காயலுக்குத் திரும்புகிறார். அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

கையெழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்துப் பயப்படாதே. வலது கையில் சின்னத் தையல். வேறு யாராவது பெரிதாக்கிச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

வலை போடக் கூடாத கரையோரத்தில் வலை இழுக்கும் விசைப்படகு, அந்த வலையில் செத்துத் தொங்கும் ஆமை, படகின் எண் எல்லாம் தெளிவாகத் தெரிய நீ எடுத்தாயே, அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு நம் ஸ்டுடியோவின் முன்கண்ணாடிக்குள் வைத்தேன். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "செத்தத வாசல்ல வச்சா எவன்லே உள்ள வருவான்?" என்று திட்டினாள். பாஸ்போர்ட் படம் எடுக்க வந்த ஹைருன் பீவி மட்டும் வெகுநேரம் பார்த்துவிட்டு, "முட்ட போடத்தான கரைக்கு வந்திருக்கும், பாவம்" என்றார்.

புதன்கிழமை இருவர் வந்தார்கள். அந்தப் படகின் ஆட்கள். மரியாதையாகத்தான் ஆரம்பித்தார்கள். "அண்ணாச்சி, அந்தப் படம் எங்கெங்க இருக்கோ அங்கெல்லாம் அழிச்சிருங்க. அருவிக்கரையில இருக்க ஒங்களுக்குக் கடல் என்னத்துக்கு?" என்றான் ஒருவன். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, "குத்தாலத்துல குளிச்சிட்டு வீசுத ஷாம்பு பாக்கெட்டு சித்தாத்துல விழுந்து, தாமிரபரணியில சேந்து, ஒங்க கரைக்குத்தானய்யா வருது. எங்க குப்ப வரலாம், நாங்க கேக்கக் கூடாதோ?" என்றேன். உங்கள் வலை அடியோடு அரித்துக்கொண்டு போவதால் சின்ன வள்ளக்காரர்களுக்கு மீனே இல்லையே என்றும் கேட்டேன். நீ தங்கியிருக்கும் பெனிட்டா அக்கா வீட்டு வள்ளம் வெறுமனே திரும்புவதாக நீ சொன்னது என் நெஞ்சிலேயே இருந்தது.

போகும்போது ஒருவன் ஹெல்மெட்டால் கண்ணாடியை அடித்தான். படம் கிழியாமல் பிடிக்கப் போய்க் கையில் வெட்டு.

ஏதாவது நடந்தால் மூலப் படங்களை வக்கீலிடம் சேர்த்துவிட வேண்டும் என்று நீ முன்பே சொல்லியிருந்தாய். மறுநாளே சுந்தரபாண்டியனிடம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன். பசுமைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பியாயிற்றாம். இனி அழிக்கச் சொல்லி என்னிடம் யாரும் வர மாட்டார்கள். ஆனால், "இனி அவுக கோவம் ஒங்க வீட்டம்மா மேலதான் திரும்பும், பாத்துக்கிடுங்க" என்றார் வக்கீல். அதைக் கேட்டதிலிருந்து உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை.

நேற்று சும்மா இருக்க முடியாமல் கேமராவோடு குற்றாலம் போனேன். ஐயப்ப பக்தர்கள் கூட்டம். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் சிரிக்கச் சொல்லியே பழகிய நான், ஆற்றில் போகிற பாக்கெட்டுகளைக் குனிந்து குனிந்து படமெடுத்தேன். பாறை வழுக்கி முழங்காலளவு தண்ணீரில் விழுந்தேன். கேமரா நனையவில்லை. நீ இருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பாய்.

திரும்பி வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அம்மாவும் அதைத்தான் எழுதச் சொல்லுகிறாள். ஆனால் கரையில் ஆமைகள் இட்ட முட்டைகள் பொரிந்து குஞ்சுகள் கடலுக்குப் போவதைப் படமெடுக்காமல் நீ கிளம்ப மாட்டாய். கிளம்பினாலும் உன் மனம் அங்கேயே கிடக்கும். அதனால் அதை எழுதவில்லை. இருட்டில் தனியாகக் கரைக்குப் போகாதே. பெனிட்டா அக்காவை உடன் அழைத்துக்கொள். வள்ளத்தில் ஏறினால் மிதவைச் சட்டை போட்டுக்கொள்.

ஹம்தான் புதன்கிழமை மறுபடி கடையநல்லூர் வருவார். அவரிடம் ஒரு துண்டுத் தாளில் 'இருக்கிறேன்' என்று எழுதிக் கொடுத்தனுப்பு. அந்த ஒரு சொல் போதும். லாரி வந்து நிற்கும் இடத்தில் விடிவதற்கு முன்பே போய் நிற்பேன்.

கடல் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உன்,
இசக்கிமணி