பாவுக்கு வைத்த கஞ்சி

கணவன் மாணிக்கவேல் பட்டுநூல் வாங்கப் போயிருந்தான். அக்கா வீட்டுக்குக் கிளம்பிய அபிதகுசாம்பாள், காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினாள்:

“கண்ணமங்கலம் போயிட்டு சாயந்திரம் வந்துடறேன். மண்சட்டியில கேழ்வரகுக் கூழ் இருக்குது, மோர் ஊத்திக் கரைச்சிக் குடிங்க. தொட்டுக்க முருங்கைக்கீரை. நம்ம மரத்துக் கீரைதான். காசில்லாம வந்ததுன்னு ஒதுக்காதீங்க, உடம்புக்கு அவ்ளோ நல்லது.

அலுமினியக் குண்டான்ல இருக்கறது தறிப் பாவு நூல் விறைப்பா நிக்கப் போடற கஞ்சி. முந்தாநாள் அதைக் குடிச்சிட்டுத்தானே, ‘சிக்கனம்னு உப்புகூடவா போடமாட்டே’ன்னு கத்தினீங்க? குண்டான் காலியா இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.”

தாள் நிறைந்துவிட்டது. ஓரத்தில் நுணுக்கி நுணுக்கி எழுதினாள்:

“அதுலேருந்து கஞ்சி போட்ட பாவு மாதிரி விறைச்சிக்கினு இருக்கீங்க. கூழைக் குடிங்க, இளகிடுவீங்க. நான் அன்னிக்கே இளகிட்டேன்.”