சிவப்பு இல்லாத முகப்பு

காலையில் ஜன்னலைத் திறந்ததும் டீசல் வாடை முகத்தில் அடித்தது. படகுகளை அவசர அவசரமாக அரசலாற்றுக்குள் கொண்டுவந்து கட்டிக்கொண்டிருக்கிறார்கள். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியாயிற்று. நம் பழைய அறையில் உட்கார்ந்து நம் கேள்வி-பதில் தளத்தைத் திறந்தேன். முகப்பில் ஒரு சிவப்பு வரிகூட இல்லை.

மென்பொருள் எழுதுகிறவர்கள் தமிழிலேயே கேட்டுத் தமிழிலேயே பதில் பெற ஒரு தளம் வேண்டும் என்று நீயும் நானும் இங்கேதான் உட்கார்ந்தோம். வாயில் நுழையாத பெயர்களாக நான் அடுக்கினேன். உனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. "கரையில நிக்கிறவங்க வந்த படகையா கேப்பாங்க? எது இன்னும் வரலன்னுதான கேப்பாங்க" என்றாய். 'இன்னும் வரல' என்றே பெயர் வைத்தோம். வடிவமும் அதிலிருந்து வந்ததுதான். பதில் வராத கேள்வி சிவப்பில் மேலே நிற்கும். பதில் வந்தது கீழே இறங்கிவிடும்.

உன் அம்மாதான் பயந்தார்கள். "கடலுக்குப் போற வீட்டுல வைக்கிற பேராடா இது? மாத்துடா." நீ சிரித்தாய். எனக்கும் அன்று சிரிப்புதான் வந்தது.

ஆள் குறைகிறது என்று உன் சித்தப்பா படகில் ஏறிப் போனாய். படகும் திரும்பவில்லை, போனவர்களும் திரும்பவில்லை. போகுமுன் தளத்தில் ஒரு கேள்வி போட்டிருந்தாய், படகுகள் இருக்குமிடம் காட்ட நீ எழுதிக்கொண்டிருந்த வரைபடத்தைப் பற்றி: "சிக்னல் அறுந்த பிறகும் படகைப் பழைய இடத்துலயே காட்டுது. ஏன்?" உங்களைத் தேடிய நாட்களில், அந்த வரைபடத்தில் உன் படகு அசையாமல் நிற்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். எழுத மனம் வரவில்லை.

நேற்று, தானாகப் பதில் சொல்லும் செயலி ஒன்றைத் தளத்தில் சேர்த்தேன். அது உன் கேள்வியையும் விடவில்லை. "கடைசியாகத் தெரிந்த இடத்தைக் காட்டுவது இயல்பே. சிக்கல் தீர்ந்தது." தீர்ந்துவிட்டதாம்! மற்றக் கேள்விகளையும் பார்த்தேன். பாதிக்குமேல் தப்புத் தப்பான பதில்கள், எல்லாவற்றின் கீழும் 'தீர்ந்தது'. எல்லாப் படகும் கரை சேர்ந்துவிட்ட மாதிரி முகப்பு அமைதியாக இருந்தது. அந்த அமைதிதான் என்னைப் பயமுறுத்தியது.

செயலியை நிறுத்தி, அது எழுதியதையெல்லாம் அழித்தேன். உன் வரி மறுபடி சிவந்து மேலே ஏறியது.

அப்போதுதான் போன் வந்தது. காற்று எழும்பினால் உன் அம்மா கூப்பிடுவார்கள். பெயரை மாற்றச் சொல்வதை எப்போதோ விட்டுவிட்டார்கள். இப்போது கேட்பது ஒன்றைத்தான். போனுக்குள் கடல் இரைந்தது.

"தம்பி, அவன் மேலதான நிக்கிறான்?"

"மேலதாம்மா."

"எறக்கிடாதப்பா."