பாட்டுக்கு முன்னால் சொன்னது

அக்கா,

இன்று காலை உங்கள் லொக்கரைத் திறந்து, புதிதாக வந்த நேபாளப் பெண்ணுக்குக் கொடுத்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லை. உங்கள் மகள் எல்லாவற்றையும் அப்போதே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆனால் கதவு திறந்ததும் உங்கள் சாம்பிராணி வாசம் வந்தது. தணலில் புகை எழுப்பி, முக்காட்டுத் துணியை அதன் மேல் பிடித்துவிட்டுத்தானே வேலைக்கு வருவீர்கள். பிளீச் மணத்தையும் தாண்டி அது வந்தது. அந்தப் பெண் மூக்கைச் சுருக்கி, "இது என்ன மணம்?" என்று கேட்டாள். எனக்கு அவள் மேல் சட்டென்று கோபம் வந்தது. பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

நாம் பேசியதெல்லாம் உடைந்த ஆங்கிலம். அதை இங்கே என் தமிழில் எழுதுகிறேன். அதனால் மொகடிஷுவில் பிறந்த நீங்கள் பருத்தித்துறைக்காரி மாதிரிக் கதைக்கப் போகிறீர்கள். கோபிக்க வேண்டாம்.

இந்த முதியோர் இல்லத்து லாண்டரிக்கு நான் வந்த முதல் நாளே என்னை "அபாயோ" என்று கூப்பிட்டீர்கள். உங்கள் சோமாலி மொழியில் அது சகோதரி. எனக்கோ அபாயம் என்று கேட்டது. படகில் வந்து, தற்காலிக விசாவில் காலம் தள்ளுகிறவளுக்குப் பொருத்தமான பெயர்தான் என்று சொல்லிச் சிரித்தேன். அன்று மத்தியானம் நீங்கள் சோற்றோடு வாழைப்பழத்தைப் பிசைந்து சாப்பிட்டதைப் பார்த்ததும் எனக்கு உங்களைப் பிடித்துவிட்டது. எங்கள் வீட்டில் புட்டோடு அப்படித்தான் சாப்பிடுவோம். அதன் பிறகு நீங்கள் எனக்கு அக்கா.

பெட்சீட் மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து சேர்க்க வேண்டும். நீங்கள் பாடியது அப்போதுதான். வீட்டில் பாடுவது உங்கள் கணவருக்குப் பிடிக்காது. மெஷின் சத்தத்தில் யாருக்குக் கேட்கப் போகிறது என்று இங்கே பாடுவீர்கள். எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் ஒன்றைக் கண்டுபிடித்தேன். ஒரு பாட்டில் எல்லா அடியிலும் ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வந்து தலைகாட்டும். "அக்கா, இது எங்கட மோனை மாதிரியெல்லோ" என்றேன். அதை விளங்கப்படுத்த எனக்கு ஒரு கிழமை எடுத்தது. விளங்கியதும் பெட்சீட்டைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தீர்கள். "இஞ்ச வந்து இத்தனை காலம், ஒருத்தரும் இதைக் கவனிச்சதில்லை" என்றீர்கள்.

பிறகுதான் மற்றதெல்லாம் சொன்னீர்கள். நீங்கள் அரசாங்க நாடகக் குழுவில் சம்பளத்துக்குப் பாடியவர். தலைநகரில் சீனர்கள் கட்டிக்கொடுத்த பெரிய அரங்கு. நாடகம் முழுக்கக் கவிதையில் நடக்கும். பாட்டுப் பிடித்துப்போனால் சனம் எழுந்து வந்து உங்கள் கழுத்தில் சால்வை போடும். அடுத்த நாள் அதே பாட்டு வானொலியில் போகும். சந்தையில் தக்காளி விற்கிறவள் அதைப் பாடிக்கொண்டு நிற்பாள். "எங்கட நாட்டில எழுதி வைக்கிற வழக்கம் பிந்தித்தான் வந்தது. எல்லாம் தலைக்குள்ளதான்" என்று நெற்றியைத் தட்டிக் காட்டினீர்கள். சண்டை வந்தது. அரங்கின் கூரை விழுந்தது. உங்கள் நாடகங்களின் ஒலிநாடாக்கள் இருந்த அறை எரிந்தது. எங்களுக்கும் நூலகம் எரிந்தது என்று நான் சொன்னேன். இருவரும் துவாய் மடித்தோம்.

ஒரு பாட்டை மட்டும் நீங்கள் அடிக்கடி பாடுவீர்கள். எழுதியவரைப் பற்றிச் சொல்லும்போது 'அவர்' என்பீர்கள். அவ்வளவுதான். அரங்குக்குப் பின்னால் இருந்த தேநீர்க்கடையில் அவர் வாயால் சொல்லச் சொல்ல நீங்கள் பாடமாக்கியது. சண்டையில் செத்துவிட்டார், எங்கே புதைத்தார்கள் என்று தெரியாது. நீங்கள் 'அவர்' என்று சொன்ன விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் ஊரிலும் மனதில் வைத்திருக்கிறவரின் பெயரைப் பெண்கள் வாயால் சொல்ல மாட்டார்கள். கேட்பதும் மரியாதை இல்லை. நான் கேட்கவில்லை.

"இந்தப் பாட்டு இப்ப என்னட்ட மட்டும்தான் இருக்கு. என்னோட போகக் கூடாது. ஒருக்காவாவது மேடையில பாடவேணும்" என்று ஒரு நாள் சொன்னீர்கள். அதற்காகத்தான் பதிவு செய்யத் தொடங்கினோம். சாப்பாட்டு அறையில், திரை வெடித்த என் போனில். மைக்ரோவேவ் சத்தம் விழுந்ததால் ஒரு நாள், நீங்கள் இருமியதால் இன்னொரு நாள் என்று அதே பாட்டைப் பலமுறை எடுத்தோம்.

ஒவ்வொரு முறையும் பாட முன்னர் கண்ணை மூடி, தாழ்ந்த குரலில் ஏதோ நீளமாகச் சொல்வீர்கள். பெட்சீட் மடிக்கும்போதும் அப்படித்தான். நான் முனையைப் பிடித்துக்கொண்டு உங்களிடம் நடந்து வந்து சேரும் நேரம் அதைச் சொல்லி முடிப்பீர்கள். பிறகுதான் பாட்டு. எங்கள் கோயிலில் பதிகம் பாட முன்னர் திருச்சிற்றம்பலம் என்று சொல்வோம். நீங்களும் உங்கள் கடவுளை நினைத்துக்கொள்கிறீர்கள் என்று எண்ணிக்கொண்டேன். இன்னொருவரின் பிரார்த்தனையைப் போனில் பிடிப்பது அழகில்லை. நீங்கள் சொல்லி முடிக்கும் வரை போனைக் கவிழ்த்து வைத்திருந்து, பிறகு நிமிர்த்திப் பொத்தானை அழுத்தி, "ஓகே அக்கா, நவ்" என்பேன். நீங்கள் பாடுவீர்கள்.

பிறகு ஒரு நாள் நீங்கள் வேலைக்கு வரவில்லை. மூளையில் இரத்தம் கட்டி ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சுப் போய்விட்டது என்று மகள் சொன்னாள். டண்டினோங்கில் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். போனை எடுத்து உங்கள் பாட்டை உங்களுக்கே போட்டுக் காட்டினேன். உங்கள் முகம் மலர்ந்தது. பாட்டு தொடங்கியதும் மாறியது. நல்ல கையால் போனைத் தொட்டீர்கள். திரையின் இடது ஓரத்தை, தொடக்கத்தை, விரலால் அழுத்தினீர்கள். திரும்பக் கேட்க ஆசை என்று நினைத்துத் திரும்பப் போட்டேன். மறுபடி அதே இடத்தை அழுத்தினீர்கள். மறுபடி போட்டேன். கடைசியில் கையை எடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். களைத்துவிட்டீர்கள் என்று நர்ஸ் சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு நோபல் பார்க்கில் இருக்கும் என் வீட்டுக்கு ரயில் ஏறினேன்.

நீங்கள் இறந்துபோன பிறகு உங்கள் மகள் எனக்குப் போன் எடுத்தாள். உங்கள் ஆட்கள் வருடாவருடம் நடத்தும் கலைவிழாவில் இந்த முறை உங்களை நினைவுகூரப் போகிறார்களாம், பாட்டுக் கிடைக்குமா என்று கேட்டாள். நான் துள்ளிக் குதிக்காத குறை. நீங்கள் கேட்ட மேடை தானாக வந்துவிட்டதே. இரண்டு ரயில் மாறி, நகரத்தின் மறுபக்கத்தில் விழா நடத்துகிற பெரியவர் வீட்டுக்குப் போனோம். அங்கிள் என்று கூப்பிட்டேன்; அவரோடும் ஆங்கிலம்தான். ஏலக்காய்த் தேநீர் தந்தார். கண்ணை மூடிக் கேட்டார். பாட்டு முடிந்ததும் அவர் கண்ணில் நீர்.

"நல்ல பாட்டு, பிள்ளை. ஆரின்ர பாட்டு?"

"அக்காவின்ர."

"அவ பாடினவ. ஆக்கினது ஆர்?"

எனக்குத் தெரியாது என்றேன். மகளைப் பார்த்தார். அவள், அம்மா தன்னோடு பாட்டைப் பற்றிக் கதைத்ததே இல்லை என்றாள்.

"அவ பாட முதல் சொல்லியிருப்பாவே" என்றார் பெரியவர். "எங்களில அதுதான் முறை. ஆக்கினவன்ர பேர், தகப்பன்ர பேர், அவன்ர தகப்பன்ர பேர் எல்லாம் சொல்லிப்போட்டுத்தான் பாட்டைத் தொடங்கலாம். பேர் சொல்லாமல் பாடினால் களவு. உங்கட அக்கா பெரிய பாட்டுக்காரி. அவ சொல்லாமல் விட்டிருக்க மாட்டா."

எல்லாப் பதிவுகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன். எல்லாவற்றின் தலையிலும் என் குரல்தான். ஓகே அக்கா, நவ். அவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நான் நின்றுகொண்டிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் உங்கள் விரல் எதைத் தேடியது என்று அப்போதுதான் விளங்கியது.

இன்னார் என்று ஊகித்துச் சொல்ல முடியாதா என்று கெஞ்சினேன். அந்தக் காலத்தில் இப்படி எழுதக்கூடிய இரண்டு மூன்று பேரைத் தனக்குத் தெரியும் என்றார். "பிழையாச் சொன்னால் ஒருத்தனை ரெண்டாம் தரமும் கொல்லுற மாதிரி. அதுக்குச் சொல்லாமலே விடலாம்." அவர் கடுமையாகப் பேசவில்லை. வாசல் வரை வந்து வழியனுப்பினார். விழாவில் உங்கள் படத்தை மட்டும் வைத்தார்கள், பாட்டைப் போடவில்லை. வேறு ஒரு பெண் வேறு ஒருவரின் பாட்டை, அவர் பெயர் சொல்லிப் பாடினாள். நான் கடைசி வரிசையில் இருந்து அழுதேன். உங்களுக்காக அழுகிறேன் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். அதுவும் பொய் இல்லை.

இன்று அந்த நேபாளப் பெண்தான் மறுமுனையைப் பிடித்தாள். உதறினோம், நடந்தோம், சேர்த்தோம். உங்கள் பாட்டு எனக்கு முழுதும் பாடம், அக்கா. ஒரு அடி தவறாது. ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாது. பாடத்தான் வாய் வருகிறது. ஆனால் அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது என்னிடம் இல்லை. அது எவ்வளவு நீளம் என்று மட்டும் தெரியும். ஒரு பெட்சீட்டின் முனையைப் பிடித்துக்கொண்டு நான் உங்களிடம் வந்து சேரும் நேரம். அவ்வளவு நேரமும் வாயை மூடிக்கொண்டு நடக்கிறேன். பிறகு பாடாமல் அடுத்த பெட்சீட்டை எடுக்கிறேன்.