தாளில் இல்லாத நான்காவது வடிவம்

முந்தாநாள் சென்னையிலிருந்து ஒரு பார்சல் வந்தது. பழைய பொம்மைகளைச் சேர்க்கும் ஒருவர் மதிப்பிட்டுத் தரச் சொல்லி அனுப்பியிருந்தார். பெட்டியைப் பிரித்ததும் முதலில் வந்தது வாசனைதான். வருஷக்கணக்கில் மூடிக் கிடந்த பிளாஸ்டிக்கின் மெல்லிய எண்ணெய் வாசனை. உள்ளே ஒரு சிவப்பு லாரி. பார்த்த உடனே தெரிந்துவிட்டது. அதைத் தொடாமல் எழுந்து வாசலில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

நீ போன பிறகு இதே பொம்மை இன்னொன்று என் கைக்கு வந்ததே இல்லை.

வேலை என்று ஒன்று இருக்கிறதே, திரும்பி வந்து உட்கார்ந்தேன். லாரியாக இருக்கும்போது எல்லாச் சக்கரமும் தரையைத் தொடுகிறதா என்று பார்த்தேன். கதவைத் திறந்து, முன்பக்கத்தை மடக்கி, மனித உருவத்துக்குக் கொண்டுவந்தேன். இடுப்புக் கொஞ்சம் தளர்ந்திருந்தது, ஆனால் சாயாமல் நின்றது. பிறகு பறவை. லாரியின் பக்கப் பலகைகள்தான் றெக்கைகள், உனக்கு ஞாபகம் இருக்கும். இரண்டும் ஒரே மட்டத்தில் விரிந்தன. சாயம் முழங்காலில் மட்டும் உரிந்திருக்கிறது, ஒட்டுப்படங்கள் பழையவைதான், வடிவங்களைப் படம் போட்ட கம்பெனித் தாளும் கூடவே இருக்கிறது, மூன்று வடிவமும் சரியாக வருகின்றன என்று எழுதினேன். அதற்கு மேல் எழுத முடியவில்லை. தாளில் இல்லாத நான்காவது வடிவம் ஒன்று இந்தப் பொம்மைக்கு உண்டு. அதைப் பார்த்தவர்களில் நீ போய்விட்டாய். மிச்சம் இருப்பது நானும், நாமக்கல்லில் அந்த அம்மாவும்தான்.

அப்போது நான் மலைமேல் செம்மேட்டில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். நீ குண்டனி நாடு என்கிற உன் மலைக்கிராமத்துப் பக்கமிருந்து சந்தைக்குப் போகும்போதெல்லாம் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போவாய். இரண்டு பேருக்கும் பெரிதாகப் பேச்சு இருக்காது. அதனால்தான் நமக்கு ஒத்துப்போனது என்று நினைக்கிறேன்.

தொண்ணூற்றெட்டு ஐப்பசி. நீ அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து பஸ்ஸில் மேலே வந்துகொண்டிருந்தாய். பனி இறங்கி ரோடே தெரியவில்லை. ஒரு வளைவில் பஸ் நின்றது. கோயிலுக்கு வந்த வேன் ஒன்று தடுப்புச் சுவரை இடித்துக்கொண்டு கீழே போயிருந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் சுவரோரம் நின்று பார்த்தார்கள். நீயும் இன்னும் சிலரும் இறங்கினீர்கள். வெளியே தூக்கி எறியப்பட்டுக் கிடந்த சிறுவனைத்தான் நீ முதலில் பார்த்தாய். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, வேரையும் பாறையையும் பிடித்து மேலே ஏறினாய். வேனுக்குள் மாட்டியிருந்த அவன் அம்மாவை மற்றவர்கள் பின்னால் கயிறு கட்டிக் கொண்டுவந்தார்கள். அவளுக்கு நினைவில்லை. அவள் பிழைத்தாள். நீ ரோட்டில் இறக்கி வைத்தபோது பையன் உயிரோடு இல்லை.

அடுத்த வாரம் என் கடைக்கு வந்த ஆள் பழைய நீ இல்லை. டீ ஆறி ஆடை கட்டியது. தோள்பட்டையைத் தடவிக்கொண்டே இருந்தாய். வலிக்குதா என்று கேட்டேன்.

"வலி இல்லப்பா. எறக்கி வெச்ச மாதிரியே இல்ல."

மழை விட்ட பிறகு, யாரிடமும் சொல்லாமல் நீ மறுபடி அந்தப் பள்ளத்தில் இறங்கினாய். கொடுவாளை விட்டுவிட்டேன், தேடப் போனேன் என்றாய். உன் கொடுவாள் உன் இடுப்பில் இருந்தது. உண்ணிச் செடிக்குள் மாட்டியிருந்ததாகச் சொல்லித் துண்டிலிருந்து ஒன்றை எடுத்து என் மேசைமேல் வைத்தாய். சேறு அப்பிய சிவப்புப் பொம்மை. கால்கள் லாரி மாதிரி மடங்கி, உடம்பு மனிதனாக, றெக்கைகள் இரண்டும் முகத்தை மூடியிருந்தன.

"இது என்ன சாமான்னு பாரு. ஒடிஞ்சு போச்சா, இல்ல இப்படித்தானா?"

அதுவரை அப்படி ஒரு பொம்மையை நான் தொட்டதில்லை. ரேடியோவைப் பிரிப்பது போலத்தான் பார்த்தேன். கழுவி, மூட்டில் இருந்த மண்ணை ஊசியால் எடுத்து, எங்கே திரும்பும், எங்கே திரும்பாது என்று ஒவ்வொன்றாய்க் கண்டுபிடித்தோம். முதலில் மனிதன் வந்தான். அப்புறம் லாரி. பறவை வந்தபோது நீ பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாய். அந்த மாதத்தில் உன் முகம் தெளிந்ததை அப்போதுதான் பார்த்தேன். உடைசல் ஒன்றும் இல்லை, நடுவில் சிக்கியிருந்தது, அவ்வளவுதான் என்று சொன்னேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன முதல் மதிப்பீடு அது. அது தப்பு என்று தெரிய வெகுநாள் ஆகவில்லை.

வேன் டிரைவரின் சொந்தக்காரரிடம் விலாசம் கேட்டுக்கொண்டு நாமக்கல் போனோம். பையனின் அம்மா காலில் கட்டோடு கட்டிலில் இருந்தாள். வீட்டுக்காரர் லாரி டிரைவர், வடக்கே லோடு ஏற்றிப் போயிருந்தார். பொம்மையும் அவர் அப்படி ஒரு நடையில் வாங்கி வந்ததுதானாம். நீ இரண்டு கையாலும் லாரியை நீட்டினாய். வாங்கியவள் அழுவாள் என்று நான் பயந்தேன். அவள் அழவில்லை.

"ஏனுங்ணா, கெடைக்கறப்ப இப்படியா இருந்துச்சு?"

"இல்லீங்க அம்மிணி. நடுவுல சிக்கிக் கெடந்துச்சு. இவருதான் சரி பண்ணுனாரு."

"எப்படிச் சிக்கியிருந்துச்சு? காட்டுங்க."

நீ என்னைப் பார்த்தாய். என்னால் முடிந்திருக்காது. உன் கைக்குத்தான் அது தெரியும். பள்ளத்திலிருந்து அதைச் சுமந்து வந்தவன் நீ. மெதுவாகக் காலை மடக்கினாய், உடம்பை நிமிர்த்தினாய், றெக்கைகளைக் கொண்டுவந்து முகத்தை மூடினாய். அவள் விரலை வைத்து ஒரு றெக்கையை மட்டும் கொஞ்சம் தாழ்த்தினாள்.

"இது சிக்கலீங்ணா. தூங்க வெச்சிருக்கான். பஸ்ல, வேன்ல ஏறுனா இதுக்குத் தலை சுத்துதும்மான்னு சொல்லிட்டு இப்படித்தான் மூஞ்சிய மூடித் தூங்க வெப்பான். அப்புறம் அவனும் என் மடியில படுத்துக்குவான்." றெக்கையின் மேல் விரலை வைத்தபடியே சொன்னாள். "எனக்குத் தலையில அடிபட்டதுல அந்தக் கடைசி நேரம் மட்டும் ஞாபகமே இல்லீங்க. அவன் முழிச்சுப் பயந்தானா, தூங்கிட்டிருந்தானான்னு இத்தன நாளும் தெரியாமக் கெடந்தேன். இதத் தூங்க வெச்சிருக்கான்னா அவனும் தூங்கிட்டான். இல்லீங்களா?"

"ஆமாங்க" என்றாய்.

"நீங்கதான தூக்கிட்டு வந்தீங்க? எதாச்சும் பேசுனானுங்களா?"

"இல்லீங்க அம்மிணி. தூங்கிட்டேதான் இருந்தான்."

திரும்பி வரும் பஸ்ஸில் நீ ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாய். அந்த வளைவு தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தாய்.

"பேசுனான்ப்பா."

நீயாகவே சொன்னாய். பாதி வழியில் கண் விழித்து, "எங்கம்மா வராங்களா மாமா?" என்று கேட்டானாம். "பின்னாலயே வாராங்க சாமி" என்று நீ சொன்னாயாம். "சரி" என்று சொல்லிவிட்டு உன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டானாம்.

"அவங்க தூங்குனான்னு நிம்மதியா இருக்காங்க. நான் போயி, உன்னத் தேடுனான்னு எப்படிச் சொல்லுவேன்? நீயும் சொல்லிராத."

அதற்குப் பிறகு நீ வாழ்ந்தது பாதி வாழ்க்கை என்று உன் மனைவி சொல்லும். பேசிக்கொண்டிருக்கும்போதே தலையை ஒரு பக்கமாய்த் திருப்புவாய், தோளிலிருந்து யாரோ கூப்பிட்ட மாதிரி. சந்தைக் கூட்டத்தில் உன்னோடு நடக்கும்போது உன் இடது பக்கம் நானே இடம் விட்டு நடக்கப் பழகிவிட்டேன். எனக்கும் அங்கே யாரோ இருப்பது போலத்தான் தோன்றும். இதை உன்னிடம் சொன்னதில்லை.

சில வருஷம் கழித்து, மிளகு பறிக்க, கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி ஏறியவன் விழுந்தாய். நான் சேலத்துக்குக் கடையை மாற்றியிருந்தேன். சேதி கேட்டு வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. நாமக்கல்லில் பையனின் அம்மாவுக்கு நான்தான் போன் பண்ணினேன். வரமாட்டாள் என்று நினைத்தேன். அந்த விபத்துக்குப் பிறகு மலைப்பக்கமே அவள் திரும்பியதில்லை. ஆனால் காரியத்தன்று வந்தாள். பஸ்ஸில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தபடியே வந்ததாகச் சொன்னாள். உன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அவரு உங்ககிட்ட வேற ஏதாச்சும் சொல்லியிருக்காருங்களா?"

"இல்லீங்க" என்றேன்.

"அவரும் அன்னிக்கு இப்படிக் கீழ பாத்துட்டேதான் சொன்னாரு" என்றாள். அவ்வளவுதான். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

அதிலிருந்து உன் இடது பக்கத்தில் இருந்தது என் பக்கம் வந்துவிட்டது. சேலத்து வீட்டில் மேசையில் குனிந்து வேலை செய்யும்போது தோளுக்குப் பக்கத்தில் ஒரு மூச்சு. திரும்பினால் யாரும் இல்லை. பயம் என்று சொல்ல மாட்டேன். யாரோ பதிலுக்காகக் காத்திருக்கும்போது நமக்கு இருக்குமே ஒரு கூச்சம், அது.

நேற்று நாமக்கல் போனேன். உனக்குக் கொடுத்த வாக்கை மீறத்தான் போனேன். அவளுக்கு நரை விழுந்திருக்கிறது, நடையில் லேசான இழுப்பு. உட்காரச் சொன்னாள். நான் உட்காராமலே சொல்லிவிட்டேன். அவன் கேட்டதையும், நீ சொன்னதையும், அவன் "சரி" என்றதையும்.

அவள் நாற்காலியின் கைப்பிடியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தப்புச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"சரின்னானுங்களா?" என்றாள்.

"ஆமாங்க."

"அப்ப நம்பியிருக்கான். அம்மா வாரான்னு நம்பிட்டுத்தான் போயிருக்கான்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவரு சொன்னது பொய் இல்லீங்களே. நான் பின்னாலதான வந்தேன். கயிறு கட்டித் தூக்கியாந்தாங்களே."

நீ இருந்தவரை உன்னைத் தூங்கவிடாமல் செய்த அந்தச் சொல்லை நாம் இரண்டு பேரும் ஒருமுறைகூட அப்படி நினைத்துப் பார்க்கவில்லை. அவள் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டாள்.

வாசல்வரை வந்தாள். செருப்பை மாட்டும்போது மெதுவாகச் சொன்னாள்: "அவருக்கு இது தெரியாமயே போச்சுங்களே."

ஆமாங்க என்றேன்.