போக மட்டும் எடுத்த டிக்கெட்

புதுச்சேரி
மார்ச் 9

மகன் டோனிக்கு,

சர்வேசுரன் கிருபையில் நானும் உன் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம். நீ சுகமா என்று கேட்பது முறை, அதனால் கேட்கிறேன். உன் ஆடுகளை விசாரிக்க மாட்டேன். அவற்றின் சுகதுக்கம்தான் எனக்கு விஷயம் தெரிந்ததிலிருந்து தினமும் சாயங்காலம் நீயும் அம்மாவும் பேசும் வீடியோவில் இந்தக் கூடம் முழுக்கக் கேட்கிறதே.

பாரிசில் நீ பேங்க் வேலையை விட்டு ஒரு வருஷம் ஆகிறது என்பதை எனக்கு யார் சொன்னார்கள் தெரியுமா. போன மாதம், எங்களைப் போன்ற பழைய பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர்கள் கூடும் இடத்தில் கலியமூர்த்தி போனை நீட்டினார். பேத்தி அங்கிருந்து அனுப்பிய பேப்பர் செய்தியாம், கண்ணு தெரியலண்ணே, படிச்சு சொல்லுங்க என்றார். யாருக்கு எந்தப் பிரெஞ்சுக் காகிதம் வந்தாலும் படித்துச் சொல்வது நான்தானே. பத்துப் பேர் நடுவில் உரக்கத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். நம்மூர்ப் பையன் ஒருவன் பேங்க் உத்தியோகத்தை உதறிவிட்டு ஓவெர்ன் மலைக் கிராமத்தில் இருபது ஆடு வாங்கி, பாலாடைக்கட்டி செய்து சந்தையில் விற்கிறானாம். எந்தக் கூறுகெட்டவன் பெத்த புள்ளையோ என்று என் வாயாலேயே சொன்னேன். அடுத்த வரியில் உன் பெயர் இருந்தது. கலியமூர்த்தி தெரிந்தே நீட்டினாரா, தெரியாமலா என்பது அவருக்கும் கடவுளுக்கும்தான் வெளிச்சம். அன்றிலிருந்து நான் அந்தப் பக்கம் போவதில்லை.

என் அப்பா பாகூரில் ஊரார் ஆட்டை மேய்த்தவர். அந்தப் புழுக்கை நாற்றம் போகவேண்டும் என்றுதான் பதினெட்டு வயதில் பட்டாளத்தில் சேர்ந்து கப்பல் ஏறினார். அவரால் எனக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை, நான் பதினைந்து வருஷம் அதே பட்டாளத்தில் குளிரில் நின்றதால் உனக்குப் பாரிஸ் படிப்பு. மூன்று தலைமுறை ஏறிய ஏணியில் நீ ஒரே வருஷத்தில் இறங்கி அதே புழுக்கையில் போய் நிற்கிறாய். இதற்கு விமானம் எதற்கு, பாகூருக்கு டவுன் பஸ் போகிறதே. இயற்கையோடு வாழ்கிறேன், யாருக்கும் கைகட்டி நிற்கவில்லை என்று அந்தப் பேப்பர்காரனிடம் சொல்லியிருக்கிறாய். உன் தாத்தாவும் இயற்கையோடுதான் வாழ்ந்தார், இரண்டு தடவை பாம்பு கடித்தது. ரெட்டியார்பாளையத்தில் உனக்குப் பெண் தருவதாக இருந்தவர்கள் கோவிலில் என்னைக் கண்டால் மெழுகுவத்தி ஏற்றுகிற சாக்கில் நகர்ந்துவிடுகிறார்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுப்பேன். உன் அம்மாவுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும் என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒரு வருஷம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே மறைத்திருக்கிறாள். தாய் ஆடு ஒன்று குட்டியை அண்டவிடவில்லை என்று நீ கேட்டதற்கு, குட்டி முதுகுல உப்பத் தடவுடா, நக்குச்சுன்னா சேத்துக்கும் என்றாள். சேர்த்துக்கொண்டதாம். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த சிரிப்பை என் பென்ஷன் உத்தரவு வந்த நாளில்கூட நான் பார்த்ததில்லை. உடனே நீ அவளை அங்கே வந்துவிடு என்கிறாய், அவளும் பரணிலிருந்து பெட்டியை இறக்கிவிட்டாள். முழங்கால் வலி என்று மொட்டைமாடி ஏறாதவள் மலை ஏறப் போகிறாளாம். நாப்பது வருஷம் உங்க பட்டாளத்துக் கதையக் கேட்டுட்டேன், இனிமே ஆடு கத்துறதக் கேக்குறேன் என்று என்னிடமே சொல்கிறாள்.

நீ அனுப்பிய டிக்கெட்டை மேசைமேல் வைத்திருந்தாள். ஊருக்கெல்லாம் படித்துச் சொல்கிறவன் என் வீட்டுக் காகிதத்தைப் படிக்க மாட்டேனா. போக மட்டும்தான் எடுத்திருக்கிறாய், திரும்பி வர எடுக்கவில்லை. அவளுக்குப் பிரெஞ்சு தெரியாது, நீ சொன்னாயோ இல்லையோ. நான் சொல்லவில்லை. தெரிந்துதான் போகிறேன் என்று அவள் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன். அதனால் அவளோடு பேச்சையே நிறுத்திவிட்டேன். சாப்பாடு மேசைக்கு வருகிறது, சாப்பிடுகிறேன். ஏர்போர்ட்டுக்கு நான் வரமாட்டேன்.

எவ்வளவு கோபம் இருந்தாலும் பெற்றவன் சபிக்கக் கூடாது. மாதா உன்னைக் காக்கட்டும். அம்மாவுக்கு முழங்கால் தைலம் தினமும் தேய்த்துவிடு, குளிரில் கொட்டகைக்கு அனுப்பாதே. ஈஸ்டர் முடிந்ததும் அவளைத் திருப்பி அனுப்பு. இதைக் கேட்டுக்கொள்வதாக நினைக்காதே, சொல்கிறேன்.

கடிதத்தை ஒட்டி அவள் பெட்டியில்தான் வைத்திருக்கிறேன், அவளோடு வந்து சேரும். இன்னொன்று. இந்த மாதக் கடைசிக்குள் நான் உயிரோடு இருப்பதாகப் பென்ஷனுக்குச் சான்றிதழ் வாங்கி அனுப்ப வேண்டும். அந்த நீல பைலை அவள்தான் எங்கேயோ வைத்திருக்கிறாள். எங்கே என்று கேட்டு எனக்குப் போன் செய். நான் அவளிடம் கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பன்
சின்னப்பன்